மைமூன் அக்கா நிற்க வைத்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை துணிகளை வாளியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா படியிறங்கி வந்து, எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கே அவர் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி உண்டு. சோப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

பேசியவள் ஸ்டெல்லா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே மேஜையில் என்னோடு வேலை பார்த்தவள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மைமூன் அக்கா போயிட்டாங்க வசந்தா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்களாம். அவ்ளோதான். மதியம் லுகர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறாங்க. சீக்கிரம் கிளம்பு."

பூந்தமல்லி பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டைப் பூட்டினேனா என்ற நினைவே வந்தது. அக்காவுக்கு இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மைமூன் அக்கா பூந்தமல்லிக்காரர். டிரங்க் ரோட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் தெருவில் வீடு. கணவர் காதர் அண்ணன் தையல்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் நசீமா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் அக்கா செக்கராக இருந்தார். நாங்கள் சுற்றித் தருகிற காயில்களைக் கையில் வாங்கிப் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போடுவது அவர் வேலை. பருத்த உடம்பு, சின்னச் சின்ன விரல்கள். சேலைமேல் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பார். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். என் கணவர் செல்வராஜ் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்கு ஊரும் பழக்கமில்லை, பேச்சும் பழக்கமில்லை. சேர்ந்து சில நாள் ஆகியும் யாரோடும் நான் வாய் திறக்கவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என்னை நிறுத்தினார்.

"கேட்டுக்குள்ள வரும்போது வயித்துல கைய வச்சிகினே வர்றியே, பயமா, பசியா?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாது, நான் அப்படி வருகிறேன் என்று. இரண்டும்தான் என்றேன். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அக்காவின் குணமே அதுதான். மனிதர்களின் முகத்தைவிட அவர்கள் நிற்பதையும் நடப்பதையும்தான் அவர் கவனித்தார். அதை ஒரு கலை என்றோ திறமை என்றோ அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. பேருந்து ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது போல அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு உருவம் கிடைத்தது, ஜப்பான்காரர் ஒருவர் வந்து போன பிறகு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கம்பெனிக்குப் புதிதாக வைண்டிங் மெஷின் வந்தது. அதைப் பூட்டித் தர ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சில வாரங்கள் தங்கினார். மெலிந்த மனிதர். ஆங்கிலமும் அவருக்குச் சரளமில்லை. மேனேஜர் பேசிப் பேசி ஓய்ந்துபோன இடங்களில் அக்கா அவர் கையையும் தோளையும் பார்த்தே, என்ன கேட்கிறார் என்று சொல்லிவிடுவார். ஸ்பேனர் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, தூரப் போகச் சொல்கிறாரா என்று. கிளம்புகிற நாளில் அந்த மனிதர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டி, இடுப்பை வளைத்து வணங்கினார். அக்காவும் இரண்டு கையாலும் வாங்கி, அவர் எவ்வளவு வளைந்தாரோ அவ்வளவே வளைந்தார். கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. அந்த மனிதர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

பெட்டியின் மூடியில் கவசம் அணிந்த ஒரு இயந்திர மனிதனின் படம். உள்ளே பொம்மை இல்லை. வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் நிறங்களில் பிளாஸ்டிக் சட்டங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள், கொடியில் காய் தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு விளக்கத்தாள், முழுக்க ஜப்பான் எழுத்தில். நாங்கள் படிக்க முடிந்ததெல்லாம் எண்களும் படங்களும்தான்.

"பீஸ் பீஸா கீது. நாமதான் சேக்கணும் போல" என்றார் அக்கா. பிறகு எங்கள் மேஜையைச் சுற்றிப் பார்த்து, "சேக்கறதுதான நம்ம வேலையே" என்றார்.

உண்மைதான். கம்பி நறுக்கும் கட்டர் எங்களிடம் இருந்தது. சின்ன இடுக்கி போன்ற டிவீசர் இருந்தது. சின்ன அரமும் உப்புத்தாளும் இருந்தன. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் அந்த வேலையில் இறங்கினோம். ஒருத்தி படத்தைப் பார்த்து எண் சொல்ல, ஒருத்தி சட்டத்திலிருந்து அந்தத் துண்டை நறுக்கி எடுக்க, நான் நறுக்கிய இடத்தில் துருத்தி நின்றதை உப்புத்தாளால் தேய்ப்பேன். பசை வேண்டியதில்லை. ஒன்றின் முளை இன்னொன்றின் குழியில் 'டக்'கென்று உட்கார்ந்துவிடும். மூட்டு வருகிற இடங்களிலெல்லாம் ரப்பர் போன்ற சின்னக் குமிழ் ஒன்றை உள்ளே வைத்து மூடவேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று எங்கெல்லாம் நமக்கு மடங்குமோ அங்கெல்லாம் அதற்கும் மடங்கியது. விரல்கள்கூடத் தனித்தனியாக மடங்கின.

ஒருநாள் ஸ்டெல்லா இடதுகாலை வலதுபக்கத்தில் மாட்டிவிட்டாள். பாதம் இரண்டும் ஆளுக்கொரு திசையில் பார்த்தன. கழற்றினால் முளை முறிந்துவிடுமோ என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் மூச்சே விடவில்லை. "உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போவுது. உயிரா போவப்போவுது? மூச்ச உடுங்கடி" என்று சொல்லி அக்கா டிவீசரை வாங்கி மெதுவாக நெம்பினார். முளை கொஞ்சம் வெளுத்துப்போனதே தவிர முறியவில்லை.

முழுசாக முடிந்தபோது ஒன்றரைச் சாண் உயரம் இருந்தது. மேஜைமேல் நிறுத்தினோம், விழுந்தது. மறுபடி நிறுத்தினோம், முன்பக்கமாகக் கவிழ்ந்தது. இரண்டு காலையும் நேராக நீட்டி, போலீஸ்காரர் போல விறைப்பாக நிறுத்தியதுதான் எங்கள் தப்பு. அக்கா அதன் இடுப்பை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தார். ஒரு முழங்காலைத் தளர்த்தினார். பாதத்தைத் தரையோடு முழுசாகப் பதிய வைத்தார். கையை எடுத்தார். நின்றது.

"நிக்கிறதுன்னா ரெண்டு கால்லயும் நிக்கிறது இல்ல. மனுசன் ஒரு கால்லதான் நிக்கிறான். இன்னொன்னு சும்மா கூட வருது" என்றார்.

அதற்கு 'மாப்ள' என்று பெயர் வைத்தோம். காலை ஷிஃப்டுக்கு அக்காதான் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். நாங்கள் வரும்போது அவர் மேஜைமேல் மாப்ள தினம் ஒரு ஆளாக நின்றுகொண்டிருப்பார். அக்கா முதலில் அதன் இடுப்பைத் திருப்புவார், பிறகு கால், கடைசியில்தான் கை, தலை. ஒருநாள் நாற்காலியில் சரிந்து தாடை மார்பில் படத் தூங்கும் வாட்ச்மேன். ஒருநாள் ஒரு தோள் இறங்கி டீ வாளி தூக்கி வரும் கேன்டீன்காரர். நுனிக்காலில் எழும்பி, கழுத்தை நீட்டி, பேருந்து வருகிறதா என்று பார்ப்பது ஸ்டெல்லா. வயிற்றில் கை வைத்திருந்தது நான். முகமே இல்லாத பிளாஸ்டிக் அது. ஆனாலும் யார் என்று யாரும் கேட்டதில்லை.

இதில் ஒருநாள் விபரீதமும் நடந்தது. எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் முதலாளி வரும் நாட்களில் மட்டும் ஆளே மாறிப்போவார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, முழங்கால் பாதி மடங்க, முதுகு கூனி, அடி வாங்கக் காத்திருப்பவர் போல நிற்பார். அக்கா ஒரு காலையில் அதை அப்படியே மாப்ளயின் உடம்பில் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள், யாரும் எதிர்பாராத விதமாக முதலாளியே மேனேஜரோடு உள்ளே வந்தார். மேஜையருகே நின்றார். பொம்மையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மேனேஜரின் முகம் அப்போது இருந்த நிலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலாளியின் கார் கிளம்பிய பிறகு மேனேஜர் திரும்பி வந்து, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கும்படி அக்காவிடம் சொன்னார். அக்கா மறுத்தார். "நான் கேலி பண்ணல சார். பாத்தத வச்சேன்" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் பொம்மையை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த மாதம் அக்காவை லைன் லீடர் ஆக்குவதாக இருந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன என்று நாங்கள் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தோம். அக்கா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. அறைக்குள் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் பார்ப்போம். அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே மாப்ள கையைக் கீழே தொங்கவிட்டு, யாராகவும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவர் இறந்துபோனார். ஒரு வாரக் காய்ச்சல்தான். முப்பத்து நான்கு வயது.

அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் பேசாத மனிதர். பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் எங்களுடையது. என்னை அவருக்குப் பிடித்திருந்ததா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தன் ஷிஃப்ட் முடிந்ததும் ஆவடியிலிருந்து சைக்கிளில் எஸ்டேட் வரை வந்து, சாயங்காலம் கம்பெனி வாசலில் நிற்பார். நான் வெளியே வரும்போது என்னைப் பார்க்கமாட்டார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேரியரில் ஏறி உட்கார்ந்ததும் மிதிப்பார். கடமைக்காக வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். யாரும் என்னிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் மட்டும் சொன்னேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் கழுத்து இறுகிய சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். "அது அவரு மாதிரியே இல்லக்கா. அவரு எப்படி இருப்பாருன்னே எனக்கு மறந்துட்டு வருது" என்றேன். அக்கா என் டப்பாவையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார்.

மறுநாள் நான் லீவு. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு வேலை கொடுப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை ஷிஃப்டுக்கு உள்ளே நுழைந்தபோது எல்லாரும் தலை குனிந்து வேலையில் இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. என் இடத்தில் மாப்ள நின்றுகொண்டிருந்தார்.

இடதுகாலில் உடம்பின் பாரம் முழுவதும். வலதுகால், கம்பி தீர்ந்த ஒரு காலி பாபின்மேல், சைக்கிள் பெடலில் வைத்தது போல. வலதுகை முன்னால் நீண்டு, விரல்கள் எதையோ பிடித்திருப்பது போலப் பாதி மடங்கி. இடதுகை இடுப்பில். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, தாடை கொஞ்சம் உயர்ந்து, தூரத்தில் எதையோ பார்த்தபடி.

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அவருதான்" என்றேன்.

"ஆமாம்மா."

"இப்படித்தான் நிப்பாரு. என்னைப் பாக்கவே மாட்டாரு."

அக்கா ஒற்றை விரலால் பொம்மையின் தலையை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பினார். ரோட்டைப் பார்த்திருந்த தலை என்னைப் பார்த்தது.

"நீ பாத்தது, நீ வெளிய வந்த பொறவு. நான் உனக்கு முன்னாடி போயி பஸ்சுக்கு நிப்பேன் இல்ல, தெனம் பாப்பேன். நீ வர்ற வரைக்கும் இப்பிடித்தான் நிப்பாரு. கேட்டையே பாத்துகினு, கண்ண எடுக்காம. உன் தலை தெரிஞ்சதும்தான் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குவாரு. கூச்சம் அந்த மனுசனுக்கு."

அவர் இறந்த பிறகு நான் முழுசாக அழுதது அன்றுதான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுவும் அக்காவின் ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது.

"நீயா கலைக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். யாரும் தொடவில்லை. துடைக்க வருகிற அம்மாகூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு துடைத்தார். மேனேஜர் ஒருமுறை வந்து, பொம்மையின் முன்னால் சற்று நின்றுவிட்டுப் போனார். என் நிலைமையைப் பார்த்து அவரே மனமிரங்கி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்றுதான் நான் நம்பினேன். அப்படித்தான் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள்.

காலையில் வந்ததும் ஒருமுறை பார்ப்பேன். போகும்போது ஒருமுறை பார்ப்பேன். நாட்கள் போயின. ஒரு மதியம், ஏன் என்று தெரியாது, கையிலிருந்த காயிலை வைத்துவிட்டு அவருடைய வலதுகாலைப் பாபினிலிருந்து எடுத்தேன். இடுப்பை மடக்கினேன். முழங்கால்களை மடக்கினேன். அதே பாபின்மேல் உட்கார வைத்து, கைகளை மடியில் வைத்தேன். எனக்கு அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை. ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்தார்.

அக்கா தன் மேஜையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா நின்னுகினு இருந்தாருல்ல" என்றார்.

"ஆமாக்கா. எவ்வளவு நேரந்தான் நிப்பாரு."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. மறுநாள் காலை மாப்ள மறுபடியும் தூங்குகிற வாட்ச்மேன் ஆகியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில மாதங்களில் ஆவடி தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. எஸ்டேட்டை விட்டு வந்தேன். அக்காவைப் பார்ப்பது குறையவில்லை. நோன்புக் கஞ்சிக்கும் பெருநாளுக்கும் நான் பூந்தமல்லி போவேன். பொங்கலுக்கு அவர் காதர் அண்ணனோடும் நசீமாவோடும் ஆவடிக்கு வருவார். ஒருமுறை நசீமாவைப் பெண் பார்க்க நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்தவர்களை, அவர்கள் கிளம்பிய பிறகு அக்கா ஒவ்வொருவராக நடந்து காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, தாய்மாமன் என்று வரிசையாக. காதர் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். கடைசியில் அக்கா, "பையன் மட்டும் நேரா நிக்கிறான். தந்துடலாம்" என்றார். தந்தார்கள். நசீமா நன்றாக இருக்கிறாள்.

மாப்ளவுக்கும் வயதாயிற்று. திருப்பித் திருப்பி மூட்டுகள் தளர்ந்து, கையைத் தூக்கி வைத்தால் தானாக இறங்கத் தொடங்கியது. அக்கா நசீமாவின் நகப்பாலிஷை மூட்டுக் குழிகளில் ஒரு பூச்சுப் பூசி, காயவைத்து, மறுபடி மாட்டுவார். கொஞ்ச நாள் பிடிக்கும். கம்பெனி வேறிடத்துக்கு மாறியபோது சாமான்களோடு சாமானாக அது எங்கோ தொலைந்துவிட்டது. நான்தான் வருத்தப்பட்டேன். அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரொம்ப நாள் உழைச்சிது பாவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் தெருவில் ஆண்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். அக்காவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் தெரியக் கிடத்தியிருந்தார்கள். நசீமா என்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்டெல்லா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். மேனேஜருக்கு அன்று இருந்த இரக்கத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அக்கா கிடந்த பக்கம் பார்த்தாள்.

"இனிமே சொல்லலாம்னு நினைக்கிறேன்" என்றாள்.

நான் லீவில் இருந்த அந்த ஒரு நாளில் நடந்ததை அவள் சொன்னாள். காலையில் மெஷின் போடுவதற்கு முன்பு அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். அவரை வெளியே அழைத்து வந்து, லைனில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நின்றிருக்கிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார்:

"சார், நீங்க பயந்து நின்னத நான் பாத்தேன். பாத்தது தப்பில்ல. அத மேஜை மேல வச்சி நாலு பேருக்குக் காட்டினது தப்பு. பயம் எல்லாருக்கும் கீது. என்ன மன்னிச்சிடுங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றாராம். பிறகு உள்ளே போய், அலமாரியைத் திறந்து, பொம்மையைத் தானே கையில் எடுத்து வந்து கொடுத்தாராம். அவர் போன பிறகு அக்கா எல்லாரையும் பார்த்து, இது வசந்தா காதுக்குப் போகக்கூடாது என்றாராம். போனால், தனக்காக அக்கா தலை குனிந்தார் என்று அந்தப் பெண் அதையும் சேர்த்துச் சுமக்கும் என்றாராம்.

அத்தனை பெண்கள் இருந்த லைனில், இத்தனை வருஷத்தில், ஒரு வாய்கூட என்னிடம் திறக்கவில்லை. லைன் லீடர் பதவிக்காகக் கேட்காத மன்னிப்பை அக்கா எதற்காகக் கேட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

நான் எழுந்து அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. ஆண்கள் உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முகத்தை மூடினார்கள். உள்ளே அழுகை எழுந்து அடங்கியது. தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு தெருமுனை வரை கொண்டுபோனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டோம்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்வரை நானும் ஸ்டெல்லாவும் கிளம்பவில்லை. கிளம்பத் தோன்றவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. யாரும் தொடவில்லை. காதர் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டை முழுக்க மண். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"சாப்ட்டுப் போங்கம்மா" என்றார். "வசந்தா ஆவடிலேந்து வந்துச்சே, சோறு போட்டீங்களான்னு அவ கேப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நசீமா தட்டுகளை எடுத்து வைத்தாள். அவரை நடுவில் உட்கார வைத்து, நானும் ஸ்டெல்லாவும் நசீமாவும் சுற்றி உட்கார்ந்தோம். தாளிச்சாவும் சோறும். அவர் சாப்பிடத் தொடங்கியதும் நாங்களும் தட்டில் கை வைத்தோம்.

சாப்பிட்டோம் அக்கா. அண்ணனும் சாப்பிட்டார். நீங்கள் கவலைப்படாமல் உறங்குங்கள்.